ஆழ்கடல் வண்டலும் நம் அவசரமும்

கடலுக்கு ஆழி, பரவை, பௌவம், புணரி, முந்நீர் எனப் பல பெயர்களை வழங்கிய மொழி நம்முடையது. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தமையால் முந்நீர் ஆயிற்று என்று பொருள் உரைத்தாரும் உளர். அலையையும் கரையையும், உப்பையும் முத்தையும் பற்றி நம் முன்னோர் பேசியவை ஏராளம். ஆயினும் அக்கடலின் அடியில், கதிரவன் ஒளி ஒருபோதும் எட்டாத ஆழத்தில், மெத்தென விரிந்து கிடக்கும் சேற்றைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் நேற்றுவரை எழவில்லை.

இன்று எழுந்துள்ளது. அச்சேற்றின் மேல் கிடக்கும் கனிமங்களை அள்ளுவதற்கு உலக நாடுகள் சில ஆயத்தமாகி வருகின்றன. அவற்றுள் நம் நாடும் ஒன்று. அதற்குரிய இயந்திரத்தை உருவாக்கிவரும் ஆய்வு நிறுவனமோ நம் சென்னையிலேயே இயங்குகிறது. தமிழ்த்துறை மலரில் சேற்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நாட்டின் பெயரால் நடைபெறவிருக்கும் ஒரு செயலைப் பற்றி நாட்டு மக்கள் தம் தாய்மொழியில் அறிந்து, தாய்மொழியில் கருத்துரைத்தல் வேண்டும் என்பதே நம் விடை. ஆகவே, ஆழ்கடல் வண்டல் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு அடங்கிப் படிகிறது என்பதை முதலில் காண்போம். கண்டபின், அதனை என்செய்தல் தகும் என்னும் வினாவுக்கு வருவோம்.

நிலம் தரும் மண்

கடலடிப் படிவுகள் நான்கு வழிகளில் வந்து சேர்கின்றன. நிலத்திலிருந்து வருபவை, உயிர்களிடமிருந்து வருபவை, கடல்நீரிலிருந்தே பிரிந்து உறைபவை, வானிலிருந்து விழுபவை என அவற்றை வகைப்படுத்துவர்.

மலைப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் பனியாலும் சிதைந்து மணலாகவும் வண்டலாகவும் களிமண்ணாகவும் பொடிகின்றன. ஆறுகள் அவற்றைச் சுமந்துவந்து கடலில் சேர்க்கின்றன. கனத்த மணல் கரையோரமே தங்கிவிடும். நுண்ணிய களிமண் மட்டுமே நெடுந்தொலைவு செல்லும். இது பொதுவிதி. விலக்கும் உண்டு. கண்டத்திட்டின் விளிம்பில் குவிந்து நிற்கும் வண்டல், நிலநடுக்கத்தாலோ தன் பாரத்தாலோ சரியும்போது, சேறு கலந்த நீர் தெளிந்த நீரினும் கனமானது ஆகையால், கடலடிச் சரிவில் அது பெருவெள்ளமாகப் பாய்கிறது.

இதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1929 நவம்பர் 18 அன்று வட அமெரிக்காவில் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலம் நடுங்கிற்று. நடுக்க மையத்திற்கு அருகிலிருந்த தந்திக் கம்பிகள் அப்போதே அறுந்தன. அதற்கு அப்பால், சரிவின் கீழ்ப்புறம் கிடந்த கம்பிகளோ உடனே அறுபடாமல், ஒன்றன்பின் ஒன்றாக, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி, 13 மணி நேரத்திற்கு மேலாக அறுந்துகொண்டே சென்றன. நடுக்கம் ஓய்ந்தபின்னும் கம்பியை அறுத்தது எது? 1952-ஆம் ஆண்டில் ஹீசன், யூயிங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கம்பிகள் அறுந்த நேரத்தையும் இடத்தையும் ஒப்புநோக்கி, அது கடலடிச் சேற்றுவெள்ளமே என விளக்கினர்.

இத்தகைய வெள்ளங்களால் உருவான படிவுகளுள் உலகிலேயே பெரியது நம் வங்கக் கடலில் உள்ளது. இமயமலையைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக் கொணரும் வண்டல், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் என மதிப்பிடுவர். அதில் ஒரு பகுதி ஆற்றுச் சமவெளியிலும் கழிமுகத்திலும் தங்கிவிட, எஞ்சியது கடலடிப் பள்ளத்தாக்குகளின் வழியே தெற்கு நோக்கிச் சென்று விசிறிபோல் விரிகிறது. வங்க விசிறி எனப்படும் அப்படிவு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளமும், 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடையது. வடபகுதியில் அதன் தடிமன் 16 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. இமயத்தின் உயரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு மண், அலையடியில் அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மண் நில நடுக்கோட்டையும் கடந்து தென்பாதி வரை சென்றுள்ளது.

ஆறு மட்டுமன்றிக் காற்றும் மண்ணைச் சுமக்கிறது. சகாராப் பாலையின் தூசு அட்லாண்டிக் கடலையும், நடு ஆசியப் பாலைகளின் தூசு பசிபிக் கடலையும் கடந்து விழுகிறது. எரிமலைகள் கக்கும் சாம்பலும் இவ்வாறே பரவும். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சுமத்திராத் தீவின் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல், வங்கக் கடலின் அடியில் இன்றும் தனியொரு படலமாகக் காணப்படுகிறது.

உயிர் தரும் மண்

நிலத்தினும் தொலைவான நடுக்கடலில் படிவது பெரும்பாலும் உயிர்களின் எச்சமே. கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடானுகோடியாக வாழ்கின்றன. அவற்றுள் ஃபொராமினிஃபெரா, காக்கோலித்தோஃபோர் ஆகிய வகைகள் சுண்ணாம்பால் தம் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. டயாட்டம், ரேடியோலேரியா ஆகிய வகைகள் கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் அவ்வோடுகள் கீழ்நோக்கி விழுகின்றன.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைச் செய்துபார்க்கலாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள ஒரு களிமண் துகள், அசைவற்ற நீரில் தன் எடையால் மட்டும் 4 கிலோமீட்டர் ஆழத்தைக் கடக்க வேண்டுமாயின் நூறாண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கடல் நீரோட்டம் அதனை உலகின் மறுகோடிக்கே இழுத்துச் சென்றுவிடும். ஆனால் கடலடியைத் தோண்டிப் பார்க்கும்போது, மேற்பரப்பில் எந்த உயிர்கள் வாழ்கின்றனவோ அவற்றின் ஓடுகளே ஏறத்தாழ அதற்கு நேர்கீழே கிடைக்கின்றன. இது எவ்வாறு இயலும்?

விடை வியப்பூட்டுவது. இறால் இனத்தைச் சார்ந்த நுண்ணிய ஓட்டுயிர்கள் அவ்வுயிர்களை உண்டு, செரிக்காத ஓடுகளையும் களிமண்ணையும் கெட்டியான மலக்குறுணைகளாக வெளியேற்றுகின்றன. மேலும், இறந்த உயிர்களின் பிசுபிசுத்த எச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுப்பிசிர்போல் திரள்கின்றன. கடற்பனி என அறிஞர் அதனை அழைப்பர். குறுணையாகவும் பிசிராகவும் திரண்டபின், நூறாண்டுப் பயணம் சில நாள்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடுகிறது. இருளில் வாழும் ஆழ்கடல் உயிர்கள் பெரும்பாலானவற்றுக்கு மேலிருந்து விழும் இப்பிசிரே உணவு. காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பகுதி கரியாக மாறிக் கடலடியில் புதைவதும் இவ்வழியிலேயே ஆகும்.

விழும் ஓடுகள் எல்லாம் அடியை அடைவதில்லை. ஆழம் கூடக் கூட நீரின் குளிர்ச்சியும் அழுத்தமும் கரைந்துள்ள கரியமில வாயுவும் மிகுவதால், சுண்ணாம்பு ஓடுகள் கரையத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேல் சுண்ணாம்புச் சேறு வெண்மையாகப் படிகிறது. அவ்வெல்லைக்குக் கீழே சுண்ணாம்பு எஞ்சுவதில்லை. அங்குச் சிலிக்காச் சேறும், இரும்பு துருவேறியதால் நிறம்பெற்ற செங்களிமண்ணுமே காணப்படும்.

நீரும் வானும் தருபவை

மூன்றாவது வகை, கடல்நீரில் கரைந்துள்ள உலோகங்கள் தாமே பிரிந்து உறைவதால் உண்டாவது. ஒரு சுறாப்பல்லோ பாறைத்துண்டோ நடுவில் அமைய, அதனைச் சுற்றி மாங்கனீசும் இரும்பும் படலம் படலமாகப் படர்ந்து, உருளைக்கிழங்கு போன்ற கரிய கட்டி உருவாகிறது. நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகிய உலோகங்களும் அதில் சேர்ந்திருக்கும். மாங்கனீசு முடிச்சு என்பது அதன் பெயர். இம்முடிச்சு வளரும் வேகம் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே. அதனைச் சூழ்ந்த சேறு அதனினும் பன்மடங்கு விரைவாகப் படிகிறது. அப்படியாயின் முடிச்சு எப்போதோ புதைந்திருத்தல் வேண்டும். ஆயினும் எண்ணிறந்த முடிச்சுகள் சேற்றின் மேலேயே கிடக்கின்றன. சேற்றில் வாழும் உயிர்கள் அவற்றை ஓயாது அசைத்துக்கொண்டிருப்பதும், அடிநீரோட்டம் சேற்றைத் துடைப்பதும் காரணமாகலாம் என்பர். முடிவான விளக்கம் இன்னும் எட்டப்படவில்லை.

நான்காவது, விண்ணிலிருந்து விழும் நுண்தூசி. அளவில் மிகக் குறைவாயினும், பிற மண் மிக மெதுவாகப் படியும் நடுக்கடலில் அதுவும் தன் தடத்தைப் பதித்துவிடுகிறது.

இந்நான்கும் சேர்ந்து படியும் வேகத்தை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். சுண்ணாம்புச் சேறு ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் உயரும். செங்களிமண்ணோ ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே உயரும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அன்றுதொட்டு இன்றுவரை எத்தனை அரசுகள் எழுந்து வீழ்ந்தன, எத்தனை தலைமுறைகள் வந்து சென்றன! அக்காலம் முழுவதிலும் நடுக்கடலின் அடியில் உயர்ந்த மண், இம்மலரின் பத்துத் தாள்களை அடுக்கினால் வரும் கனமே.

சேறு கூறும் வரலாறு

ஆழ்கடல் அடித்தளத்தை முறையாக ஆராய்ந்த முதற்பெருமை, 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரித்தானியக் கப்பலாகிய சேலஞ்சருக்கு உரியது. கயிற்றில் கட்டிய வாளிகளையும் குழாய்களையும் இறக்கி, அதிலிருந்தோர் சேற்றை அள்ளிச் சேர்த்தனர். ஆழ்கடலில் மாங்கனீசு முடிச்சுகள் மனிதர் கண்ணிற் பட்டதும் அப்பயணத்திலேயே. அவர்கள் கொணர்ந்த சேற்றை ஜான் மரே, ரெனார்டு என்னும் இருவர் ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, 1891-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். விண்தூசியைக் கடற்சேற்றில் இனங்கண்டவரும் மரேயே ஆவார். ஒரு பிடி சேறு எத்துணைக் கல்விக்கு இடந்தருகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பின்னர், நீண்ட குழாயைச் சேற்றில் செலுத்தி, அடுக்குக் குலையாமல் மேலெடுக்கும் முறை வந்தது. அவ்வாறு எடுத்த மண்தூணில் மேலே உள்ளது அண்மைக் காலம். கீழே செல்லச் செல்லத் தொன்மைக் காலம். நுண்ணுயிர் ஓடுகளில் அடங்கியுள்ள ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தைக் கொண்டு, அவை வாழ்ந்த நாளில் கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது, நிலத்தில் எவ்வளவு பனி உறைந்திருந்தது என்பதையும் கணிக்கின்றனர்.

1976-ஆம் ஆண்டில் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்னும் அறிஞர் மூவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். பனியூழிகள் வந்து வந்து மறைந்ததற்குக் காரணம், சூரியனைச் சுற்றும் புவியின் பாதையிலும் சாய்விலும் நேரும் சிறு மாறுதல்களே என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். ஏறத்தாழ ஒரு இலட்சம், 42 ஆயிரம், 23 ஆயிரம் ஆண்டுகள் என்னும் சுழற்சிகள் அம்மண்ணில் பதிந்திருந்தன. அம்மண் எங்கிருந்து எடுக்கப்பட்டது? இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து எடுத்த இரண்டே மண்தூண்களிலிருந்து! நான்கரை இலட்சம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாறு சில மீட்டர்ச் சேற்றில் அடங்கியிருந்தது.

மற்றொரு சான்றும் காட்டலாம். இத்தாலி நாட்டுக் குப்பியோ நகருக்கு அருகிலுள்ள பாறைகள் முன்னொரு காலத்தில் ஆழ்கடல் படிவாக இருந்தவை. அவற்றினிடையே ஓரங்குல அளவே தடிமனுள்ள ஒரு களிமண் படலம் உண்டு. புவியில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் இரிடியம் என்னும் உலோகம் அப்படலத்தில் மிகுந்திருப்பதைக் கண்டு, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெரிய விண்கல் ஒன்று புவியின்மேல் மோதியது என அல்வரேஸ் குழுவினர் 1980-இல் அறிவித்தனர். டைனோசர் இனங்கள் அழிந்த காலமும் அதுவே. அக்களிமண்ணின் அடுக்கு குலைந்திருப்பின் இவ்வுண்மையை நாம் அறிந்திருப்போமா? அடுக்கு குலையாமை ஒன்றே படிவின் உயிர். ஓலைச்சுவடியின் ஏடுகளைப் பிரித்துக் கலைத்துவிட்டால், எழுத்துகள் எஞ்சினும் நூல் எஞ்சுவதில்லை அன்றோ!

இயந்திரம் இறங்கும் நாள்

இனி நம் நாட்டின் முயற்சிக்கு வருவோம். 1981 சனவரி 26 அன்று, கவேஷணி என்னும் ஆய்வுக் கப்பல் கடலடியிலிருந்து மாங்கனீசு முடிச்சுகளை முதன்முதலாக எடுத்துவந்தது. 1987-இல், இத்துறையில் முன்னோடி முதலீட்டாளர் என்னும் தகுதியை உலகிலேயே முதலாவதாக இந்தியா பெற்றது. 2002-இல் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்யும் தனியுரிமையைத் தக்கவைத்துள்ளது. அவ்வொப்பந்தம் 2017-இலும் 2022-இலும் நீட்டிக்கப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், சிலிக்காச் சேற்றின் மீதும் செங்களிமண்ணின் மீதும் அம்முடிச்சுகள் கிடக்கின்றன. அவற்றின் மொத்த அளவு ஏறத்தாழ 38 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய வராகா என்னும் ஊர்தி, 2021-ஆம் ஆண்டில் அப்பகுதியில் 5,270 மீட்டர் ஆழத்தில் இறங்கி ஓடிக்காட்டியது. நம் பொறியாளர்களின் அருஞ்செயல் இது. அவர்களைப் பாராட்டுவதில் நாம் எவருக்கும் பின்வாங்குவோம் அல்லோம்.

ஆயின் அள்ளும் இயந்திரம் முடிச்சை மட்டும் தனியே பொறுக்குவதில்லை. முடிச்சு பதிந்துள்ள மேற்சேற்றையும் சேர்த்தே அது கிளறுகிறது. கிளறப்படும் மேற்படலம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டாலும், அது பல பத்தாயிரம் ஆண்டுகளின் படிவாகும். வரலாறு பொறித்த ஏட்டின் மேற்பக்கங்கள் ஒரே நாளில் கலைந்துவிடும். அன்றியும், மலக்குறுணையாகவும் பிசிராகவும் திரண்டு அரிதின் அடங்கிய நுண்மண் மீண்டும் நீரில் எழுந்து கலங்கும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, எழும் சேற்றில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டது கடலடியை ஒட்டியே தாழ்ந்து நின்றதென்று கண்டது. இது ஆறுதலான செய்தியே. எனினும் எஞ்சிய நுண்மண் எத்துணைத் தொலைவு செல்லும், தெளிந்த நீரில் வடிகட்டி உண்டு வாழும் உயிர்களுக்கு அது என்ன செய்யும் என்பன இன்னும் ஆராயப்பட வேண்டியவை.

ஆறாத காயம் எவ்வாறிருக்கும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. 1989-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர்கள், தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்கு அப்பால், 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் வட்டப் பரப்பில் கலப்பை போன்ற கருவியை இழுத்து உழுது பார்த்தனர். சுரங்கம் தோண்டினால் என்ன நேரும் என்பதை அறிவதே நோக்கம். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல் அவ்விடத்தை மீண்டும் படம்பிடித்தபோது, உழுத சால்கள் நேற்று உழுதாற்போல் அப்படியே கிடந்தன. சேற்றிலுள்ள நுண்ணுயிர்களின் இயக்கமும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நம் வயலில் உழுத சால் ஒரு மழையில் மூடிக்கொள்ளும். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர் மண் விழும் இடத்தில் சாலை மூடுவது யார்?

அப்பெருக் கடற்பகுதியிலேயே, முடிச்சின்மேல் முளைத்த பஞ்சுயிரியின் காம்பில் முட்டையிட்டு அடைகாக்கும் சாக்குக்கணவாய் இனத்து உயிரொன்றை அறிஞர் கண்டு 2016-இல் எழுதினர். சேற்றுப் பரப்பில் உறுதியான பிடிப்பு வேறு இல்லாமையால், அவ்வுயிர்க்கு அம்முடிச்சே வீட்டின் அடித்தளம். முடிச்சை எடுத்தால், அது மீண்டும் வளரப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும்.

நம் கருத்து

மறுதரப்பார் கூற்றையும் நேர்மையோடு எண்ணிப் பார்த்தோம். நிக்கலும் கோபால்ட்டும் மின்கலங்களுக்குத் தேவை. மின்கலங்கள் புகையற்ற ஊர்திகளுக்குத் தேவை. நிலத்தில் தோண்டினாலும் காடு அழிகிறது, ஆறு கெடுகிறது, ஏழைத் தொழிலாளர் வாடுகின்றனர் என்கின்றனர். இதில் உண்மை உண்டு. இந்தோனேசியாவில் நிக்கல் சுரங்கங்களுக்காகக் காடுகள் வெட்டப்படுவதும், காங்கோவில் கோபால்ட் சுரங்கங்களில் உழைப்போர் படும் துயரும் உலகறிந்தவை. ஆனால் ஒரு தீமை இருக்கிறது என்பதால் மற்றொன்று நன்மையாகிவிடாது. நிலத்துச் சுரங்கம் மூடப்பட்டுக் கடற்சுரங்கம் திறக்கப்படும் என எவரும் உறுதி கூறவில்லை. இரண்டும் ஒருங்கே நடைபெறவே வாய்ப்பு மிகுதி. மேலும், நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்புப் பாஸ்பேட் மின்கலங்கள் இன்று ஏராளமான ஊர்திகளில் ஓடுகின்றன. இன்று இன்றியமையாதது எனப்படும் உலோகம் நாளை வேண்டப்படாமலும் போகலாம். கலைந்த படிவோ மீண்டும் அடுக்காகாது.

நாம் அள்ளாவிடில் பிறர் அள்ளிவிடுவர் என்பது மற்றொரு வாதம். நம் படுகையின் ஆய்வுரிமை ஒப்பந்தத்தால் நமக்கே உரியது; அந்த ஒப்பந்தம் உள்ளவரை அதனைப் பிறர் அள்ள இயலாது. ஆகவே அவசரம் நமக்கு இல்லை. பொறுத்திருப்பதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. பல இலட்சம் ஆண்டுகளாகக் கிடந்த முடிச்சு இன்னும் சில பத்தாண்டுகள் கிடப்பதால் கெட்டுவிடாது.

1967-ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் மால்டா நாட்டின் தூதர் அர்விட் பார்டோ, கடலடி எந்நாட்டின் தனியுடைமையும் ஆகாது, மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான மரபுச் செல்வம் என வாதிட்டார். 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை அக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. மரபுச் செல்வம் என்பது இன்றிருப்போர் பங்கிட்டுத் தீர்க்கும் சொத்து மட்டுமன்று. பின்வருவோருக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருளும் ஆகும். அடைக்கலப் பொருளைக் காப்பவன் அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே விற்றல் அறமாகாது.

வணிகச் சுரங்கத்திற்குரிய விதித்தொகுப்பை உருவாக்கும் பேச்சு, 2025-ஆம் ஆண்டுக் கூட்டங்களிலும் முடிவெய்தவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் பொறுத்திருப்போம் எனக் குரல் கொடுத்துள்ளன. அக்குரலுடன் நம் நாடும் தன் குரலைச் சேர்த்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஆய்வை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. ஆய்வுக் கப்பல்கள் செல்லட்டும்; ஊர்திகள் இறங்கட்டும்; மண்தூண்கள் எடுக்கப்படட்டும். நம் படுகையின் சேற்றில் எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன, எவ்வெக்காலத்து வரலாறு பதிந்துள்ளது என்பதற்கு ஒரு முழுமையான கணக்கு எழுதப்படட்டும். அக்கணக்கு ஆய்வறைகளிலேயே தங்கிவிடாமல் மக்கள் கைக்கும் வரட்டும். முதலில் படித்தல்; பின்னரே எடுத்தலா விடுத்தலா என முடிவு செய்தல். இம்முறை மாறின், எடுத்தபின் படிப்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

மாணவ மணிகளுக்கு ஒரு சொல். தமிழ் பயில்வோர்க்குக் கடலறிவியல் எட்டாக்கனி என்று கருத வேண்டா. படிவு, வண்டல், கடற்பனி, செங்களிமண் என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. இல்லாதவற்றை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலும் நம் மொழிக்கு உண்டு. அறிவியல் பயிலும் நண்பர்கள் தாம் கற்றதைத் தமிழில் எழுத முன்வருதல் வேண்டும். தமிழ் பயிலும் நண்பர்கள் அதனைத் திருத்தமான நடையில் ஊரார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இவ்விருவரையும் ஓரிடத்தில் அமர்த்துதல் வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் தந்தையரும் பாட்டன்மாரும் கடலின் மேற்பரப்பைக் கையின் ரேகைபோல் அறிந்தவர்கள். அதன் அடித்தளத்தை அறியும் பொறுப்பு இவர்களுடையது. அறிந்தபின் அதனைக் காப்பதா கலைப்பதா என்று முடிவு செய்யும் நாளில், அவையில் இவர்கள் குரலும் ஒலித்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.